கப்பலில் பாட்டிலுக்குத் தடை என்றதும் வருகிற கோபம்

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் கிளினிக்குக்கு வாந்தி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவர்களாக இருப்பார்கள். இப்போது கப்பல் ஏறுகிறவர்களும் வருகிறார்கள். 2025 ஜூலையில் சொகுசுக் கப்பல் ஒன்று முதல்முறையாகப் புதுச்சேரிக்கு வந்து, கரைக்கு வெளியே கடலிலேயே நின்று, பயணிகளைச் சிறிய படகுகளில் துறைமுகத்துக்கு அனுப்பியது பலருக்கும் நினைவிருக்கும். அதற்கப்புறம் சென்னையில் ஏறி மூன்று நான்கு நாள் கடலில் சுற்றிவிட்டு வரும் ஆசை இங்கே நிறையப் பேருக்கு வந்துவிட்டது. நல்ல விஷயம்தான், குடும்பத்தோடு போய்விட்டு வரட்டும். ஆனால் மருந்துச்சீட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு புகாரும் வந்துவிடுகிறது: "ஒரு பாட்டில்கூட எடுத்துட்டுப் போகக் கூடாதாம் சார், இது என்ன அநியாயம்?"

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. மது மலிவாகக் கிடைக்கிற ஊர் இது. கப்பல் பாரில் ஒரு பெக்குக்குக் கேட்கிற விலையில் இங்கே ஒரு குவார்ட்டரே வாங்கிவிடலாம். அதனால் "காசு பார்க்கத்தான் தடுக்கிறாங்க" என்று முதலில் தோன்றுவது இயல்பு, அதில் பாதி உண்மையும் உண்டு. டிக்கெட் விற்றபின் கப்பல் நிறுவனங்களுக்கு வருகிற வருமானத்தில் பாருக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை, ஏனென்றால் அந்தப் பாதி என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறது.

முதலில் விதி என்ன என்று பார்த்துவிடலாம். நம் நாட்டிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் வெளியிலிருந்து மது கொண்டுபோக அனுமதி இல்லை. அமெரிக்கக் கப்பல்களில் கொஞ்சம் இடம் கொடுக்கிறார்கள். கார்னிவல் கப்பலில் 21 வயதான ஒருவர் ஏறும் நாளில் 750 மில்லி ஒயின் ஒன்றை எடுத்துப்போகலாம், விஸ்கி, ரம், வோட்காவுக்கு இடமில்லை. 2015இல் அந்த நிறுவனம் இன்னும் ஒரு படி போய்த் தண்ணீர் பாட்டிலையும் குளிர்பான பாட்டிலையும்கூடத் தடை செய்து, வேண்டுமென்றால் தகர கேனில் கொண்டுவாருங்கள் என்று சொன்னது. பாட்டிலுக்குள் மதுவை ஊற்றி மறுபடி மூடி, புதுப் பாட்டில் போலக் கொண்டுவருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், ஒவ்வொன்றாகச் சோதிப்பதால் ஏறும் வரிசையும் நின்றுபோகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அங்கேயும் பயணிகள் இதே கோபத்தோடுதான் பேசினார்கள்.

ஒயினை விட்டுவிட்டு விஸ்கியை மட்டும் ஏன் தடுக்க வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்கைப் பாருங்கள். நம் கடைகளில் விற்கும் விஸ்கி, பிராந்தியில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால், ஒயினில் 13 சதவீதம் அளவுக்கு இருக்கும். 750 மில்லி ஒயினில் சுமார் 77 கிராம் சுத்த ஆல்கஹால், அதே அளவு விஸ்கியில் 250 கிராமுக்கு மேல், அதாவது மூன்று ஒயின் பாட்டிலுக்கும் அதிகம். இங்கே எல்லாருக்கும் தெரிந்த அளவில் சொன்னால், ஒரு 180 மில்லி குவார்ட்டரில் 60 கிராம் இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம்வரைதான் கழிக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவர் காலை ஆறு மணிக்கு எழுந்து பல் தேய்க்கும்போதும் அவர் ரத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கக்கூடும். இந்தக் கணக்கைச் சொன்னால் படித்தவர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

பாரில் வாங்கும் ஒவ்வொரு கிளாஸும் அறை அட்டையில் பதிவாகிறது. போதை ஏறியவருக்கு "போதும் சார்" என்று நிறுத்த அங்கே ஓர் ஆள் இருக்கிறார். கார்னிவலில் மொத்தமாகப் பணம் கட்டிக் குடிக்கும் திட்டத்தில்கூட 24 மணி நேரத்துக்கு 15 கிளாஸ்தான் என்று வரம்பு உண்டு. 15 என்பது என் கணக்கில் ஆபத்தான அளவுதான், இருந்தாலும் ஓர் எண் இருக்கிறதல்லவா. ஒளித்துக் கொண்டுபோன பாட்டிலுக்கு எந்த எண்ணும் கிடையாது. அறைக்குள் குடித்துவிட்டு வந்து பாரில் முதல் கிளாஸ் கேட்பவர் உண்மையில் எத்தனையாவது கிளாஸில் இருக்கிறார் என்று ஊற்றிக் கொடுப்பவருக்குத் தெரியாது. மயங்கி விழுந்தால் கப்பல் மருத்துவருக்கும் தெரியாது.

ஒளிப்பதில் நம் பகுதிக்காரர்களுக்குப் பழக்கம் அதிகம், இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சிட்ட பாட்டிலை இடுப்பில் செருகியும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தும் முள்ளோடையைத் தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்ட் வழியாகக் கடலூருக்குள் கொண்டுபோய்ப் பழகிய கைகள், கப்பலுக்கும் அதே வேலையைச் செய்கின்றன. வோட்காவில் பச்சை நிறம் கலந்து வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் அடைப்பது இப்போது நடக்கிறது. ஒருவர் என்னிடமே வந்து, இருமல் மருந்து என்று ஒரு லெட்டர் எழுதித் தர முடியுமா, செக்கிங்கில் காட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். முடியாது என்று சொல்லி உட்காரவைத்து, வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டேன். நாலு வயசுப் பேரன் கூட வருகிறானாம். மருந்து பாட்டிலில் மது இருக்கும் ஒரு சின்ன அறையில் நாலு வயசுப் பிள்ளை. கொஞ்சம் மது உள்ளே போனாலே அந்த வயதில் ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கி வலிப்பு வரலாம் என்று சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

வாந்தி மாத்திரை கேட்கிறவர்களுக்கு இன்னொன்று. கடல்வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை தூக்கம் தருபவை. அவற்றோடு மது சேர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். ஆடுகிற கப்பலில், ஈரமான படியில், அந்த நிலையில் நடப்பவரை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை தாழ்ந்து உளறுவார்கள், வியர்க்கும், தள்ளாடுவார்கள். பார்க்கிறவர்கள் "போதை, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அப்படித் தூங்க விடுவதுதான் உயிருக்கு ஆபத்து.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

விதியைக் கேட்டுக் கோபப்படுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலானவர்கள் விலையை நினைத்துத் திட்டுவார்கள், ரெண்டு நிமிஷம் புலம்புவார்கள், அப்புறம் கப்பலில் நீச்சல் குளம் எந்த மாடியில் இருக்கிறது என்று பேசப் போய்விடுவார்கள். இன்னொரு வகை அப்படி ஆறாது. சில மாதங்களுக்கு முன் ஒருவர் மனைவியோடு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சொந்தத் தொழில், பணத்துக்குக் குறைவில்லை. கப்பல் விதியைப் பற்றிப் பேசியபோது அவர் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துகொண்டே போனது. மனைவி, "அங்கேயே பார் இருக்கே, வாங்கிக் குடிங்களேன், நான்தான் எதுவும் சொல்லலையே" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. நான் கையை நீட்டச் சொன்னேன். விரல்கள் நடுங்கின.

மனைவியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன், காலையில் முதலில் எப்போது குடிக்கிறீர்கள் என்று. "ஆறு மணிக்கு ஒரு கட்டிங் சார். அது போனாத்தான் பிரஷ்ஷையே பிடிக்க முடியும்." எத்தனை வருடமாக? மூன்று. வீட்டில் யாருக்கும் தெரியாது, மொட்டைமாடித் தண்ணீர் தொட்டி பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்தக் கப்பலில் பார் திறக்கிற நேரத்தை அவர் முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தார். காலை ஆறு மணிக்கும் பார் திறப்பதற்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்ற பயம்தான் கோபமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

அந்தப் பயம் நியாயமானது, அவர் உடம்பு அவரை எச்சரித்துக்கொண்டிருந்தது. தினமும் அதிகமாகக் குடித்துப் பழகிய மூளை திடீரென்று மது இல்லாமல் போனால் கட்டுப்பாடு இழந்த மாதிரி துள்ளும். கடைசிக் குடியிலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆரம்பிக்கும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் மனக்குழப்பம் வரும்: இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நடப்பார்கள், இருக்கிற இடம் எது என்று தெரியாது. கவனிக்காவிட்டால் உயிர் போகும். மூன்று நாள் கப்பல் பயணத்தின் கால அளவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கப்பல் தளத்தின் கைப்பிடிக் கம்பி குறைந்தது 42 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்று 2010இல் அமெரிக்கா சட்டம் போட்டது. நிதானத்தில் இருப்பவரை அந்த உயரம் காப்பாற்றும். மனக்குழப்பத்தில் எழுந்து போகிறவர் ஏறித் தாண்டிவிடுவார். கப்பலில் மருத்துவரும் நர்சும் இருப்பார்கள்தான், ஆனால் ஜிப்மர் மாதிரி ஒரு வார்டு அங்கே கிடையாது, கரையும் கூப்பிடு தூரத்தில் இல்லை.

கப்பலே ஏறாதவர்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு கார்த்திகையிலும் ஐயப்பனுக்கு மாலை போட்டு அன்றே குடியை நிறுத்தி, மூன்றாம் நாள் வலிப்போடு வருகிறவர்களைப் பார்க்கிறோம். "சாமி குத்தம் ஆயிடுச்சா சார்?" என்று வீட்டில் அழுவார்கள். காசி யாத்திரை ரயிலில் போன ஒருவருக்கு இரண்டாம் நாள் வழியிலேயே வலிப்பு வந்து, பாதியில் இறக்கி, மகன் விமானத்தில் கூட்டிவந்தார். பத்து நாளாவது அப்பா குடிக்காமல் இருக்கட்டும் என்றுதான் அந்த மகன் டிக்கெட் போட்டிருந்தார். நல்ல மனதோடு செய்தது. முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த யாத்திரை முழுதாக நடந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கப்பல் விதியைக் கேட்டுக் கொதித்த அந்த மனிதர் அன்று மாலையே வார்டில் சேர்ந்தார். வைட்டமின் பி1 ஊசி முதலில், அப்புறம் நடுக்கத்துக்கும் வலிப்பைத் தடுக்கவும் மாத்திரை, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். அவர் மனைவி முதல் ராத்திரி என்னிடம் கேட்டது, "மூணு வருஷமா எனக்கே தெரியலையே சார்" என்பதுதான். அவருக்கு மட்டுமில்லை, பல வீடுகளில் தெரியாது. அதனால்தான் வெளிப்படையாகக் கேட்கச் சொல்கிறேன்: பாட்டிலுக்கு அனுமதி இல்லை என்றதும் உங்கள் வீட்டுக்காரருக்கோ அண்ணனுக்கோ அப்பாவுக்கோ பயணமே வேண்டாம் என்று தோன்றுகிறதா? காலையில் கை நடுங்குகிறதா? முதல் வாய் உள்ளே போனதும் நடுக்கம் நிற்கிறதா? ஆமாம் என்றால், பயணத்துக்கு மூன்று வாரமாவது முன்னால் ஒரு மருத்துவரிடம் கூட்டிவாருங்கள். ஜிப்மரில் மனநல மருத்துவத் துறையில் குடிநோய்க்குத் தனி கிளினிக் இருக்கிறது. நேரில் வரக் கூச்சமாக இருந்தால் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம், 14416இல் மனநல உதவி கிடைக்கும். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வந்து பேசினாலும் போதும்.

அடுத்த வாரமே கப்பல் என்றால் இரண்டு காரியத்தைச் செய்யாதீர்கள். வீட்டில் இருக்கும் பாட்டிலை எல்லாம் கொட்டிவிட்டு "இன்னையிலிருந்து கிடையாது" என்று அவரைப் பூட்டி வைக்க வேண்டாம், மருந்து இல்லாமல் திடீரென்று நிறுத்துவதில்தான் வலிப்பு வருகிறது. ஒளித்துக் கொண்டுபோக நீங்களும் உதவ வேண்டாம். பயணத் தேதியை மாற்றுங்கள். மருத்துவக் காரணம் சொல்லி ஏஜென்சிக்குக் கடிதம் வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன். இருமல் மருந்துக்கு லெட்டர் கேட்டவருக்கு மறுத்தேனே, இதற்கு மறுக்க மாட்டேன். சிகிச்சையில் இருக்கிறார், இந்தத் தேதிவரை பயணம் கூடாது என்று மட்டும் எழுதுவேன், நோயின் பெயர் அதில் இருக்காது.