விட்ட மூச்சையே மீண்டும் இழுக்கலாம். அதில் என்ன இருக்கிறது?

30 மீட்டர் ஆழத்தில் சாதாரண ஸ்கூபா சிலிண்டரோடு நீந்துபவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 லிட்டர் காற்றைச் செலவழிக்கிறார். தண்ணீருக்கு மேலே அதே மனிதருக்கு 20 லிட்டர் போதும். மேற்பரப்பில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார், அந்த ஆழத்தில் 4 பார் என்பதால் செலவும் நான்கு மடங்கு. ஆனால் இந்த 80 லிட்டரில் அவருடைய உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் சுமார் 1 லிட்டர்தான். மிச்சமெல்லாம் குமிழியாக மேலே போய்விடுகிறது.

உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் ஆழத்தைப் பார்த்து மாறுவதில்லை, உழைப்பைப் பார்த்துத்தான் மாறும். ரீபிரீதர் எனப்படும் மறுசுவாசக் கருவி நிற்பது இந்த ஒரு உண்மையின் மேல்தான். விட்ட மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை நீக்கி, உடல் எடுத்த ஆக்சிஜனை மட்டும் சேர்த்து, அதையே திரும்பச் சுவாசிக்கக் கொடுக்கிறது. 200 பாரில் நிரப்பிய 2 லிட்டர் சிலிண்டரில் 400 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 0.8 லிட்டர் வீதம் போனால் கணக்குப்படி எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும்.

யோசனை பழையது. இங்கிலாந்தின் ஹென்றி ஃப்ளூஸ் 1878இல் காஸ்டிக் பொட்டாஷில் நனைத்த கயிற்று நாரை வடிகட்டியாக வைத்து ஒரு கருவி செய்தார். 1880இல் வெள்ளம் புகுந்த செவெர்ன் ரயில் சுரங்கத்துக்குள் அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பாளர் அதை அணிந்துகொண்டு போய்க் கதவை மூடினார். அதில் இருந்தது தூய ஆக்சிஜன். தூய ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. ஆகவே இன்றைய கருவிகளில் இரண்டு சிலிண்டர்கள்: ஒன்றில் ஆக்சிஜன், மற்றதில் அதை நீர்க்கச் செய்யும் டைலுவென்ட், அதாவது காற்றோ ஹீலியம் கலவையோ.

வாயு சுற்றி வரும் பாதை எளிது. வாய்க்கவ்வியின் இரு பக்கமும் ஒருவழி ரப்பர் வால்வுகள். விட்ட மூச்சு ஒரு குழாய் வழியாக மூச்சுப்பைக்குப் போய், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடாலைம் மணிகள் நிறைந்த டப்பாவைக் கடந்து, இன்னொரு பை வழியாக வாய்க்குத் திரும்புகிறது. பிவிசி குழாய், டெல்ரின் பிளாஸ்டிக், ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம், டிரைசூட் என்ற நீர்புகா உடையின் துணி ஆகியவற்றைக் கொண்டு வீட்டுப் பட்டறையில் இதைக் கட்டிவிடலாம், கட்டியவர்கள் பலர். கடினமான வேலை வேறு. பாதைக்குள் இந்த நொடியில் எந்த வாயு ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் குறைவதை உடல் சொல்லாது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அதைத்தான் வடிகட்டி எடுத்துவிட்டோமே. ஒரு திணறலும் இல்லாமல் நினைவு தப்பும்.

ஆக்சிஜனைச் சேர்க்கும் வழிகளில் மிக அழகானது என்று நாம் கருதுவது, கனடாவின் கார்டன் ஸ்மித் 1990களின் இறுதியில் கிஸ் என்ற பெயரில் பரப்பிய முறை. மின்வால்வு கிடையாது, கணினி கிடையாது. ஒரு நுண்துளை எந்நேரமும் கொஞ்சம் ஆக்சிஜனைக் கசியவிடும். குறைவதை முக்குளிப்பவர் பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்வார்.

நுண்துளை வழியே ஓட்டம் மாறாமல் இருப்பது எப்படி? துளைக்கு முன்னால் உள்ள அழுத்தம் பின்னால் உள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்காவது இருந்தால், துளையில் வாயு ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் பின்பக்க அழுத்தம் எப்படி மாறினாலும் ஓட்டத்தின் நிறை மாறாது. முன்பக்க அழுத்தத்தை மட்டும் அசையாமல் வைத்திருந்தால் போதும். ஆனால் சிலிண்டரின் உயர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் சாதாரண முதல்நிலை ரெகுலேட்டர் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 10 பார் கூடுதலாகவே எப்போதும் தரும். மேற்பரப்பில் மொத்தம் 11 பார், 30 மீட்டரில் 14 பார். அப்படியே மாட்டினால் ஆழத்தில் ஓட்டம் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதனால் ரெகுலேட்டரின் நீர் புகும் துவாரத்தை அடைத்துவிடுகிறார்கள். எந்த ஆழத்திலும் மொத்த அழுத்தம் 11 பாராகவே நிற்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 48 மீட்டர் வாக்கில் சுற்றழுத்தம் 5.8 பாரைத் தொடும்போது ஒலிவேக நிலை கலைகிறது, அதன் பின் ஓட்டம் குறையத் தொடங்கும். 100 மீட்டரில் இரு பக்கமும் 11 பார் ஆகி ஓட்டமே நின்றுவிடும். பொத்தானை அழுத்தினாலும் வராது, ஏனென்றால் அதற்கும் அதே ரெகுலேட்டர்தான். ஆழம் போகிறவர்கள் இடைநிலை அழுத்தத்தை, அதாவது ரெகுலேட்டர் தரும் அழுத்தத்தை, கூட்டுகிறார்கள். இல்லையென்றால் துளையை விட்டு, ஊசி வால்வும் அடைக்காத ரெகுலேட்டரும் பொருத்துகிறார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் ஓட்டமும் கூடும் என்பதை மறந்து, துளையை மாற்றாமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

11 பாரில் நிமிடத்துக்கு 0.7 லிட்டர் தரும் துளையின் விட்டம் சுமார் 0.1 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிப்பு. ஒரு துகள் போதும் அடைக்க. ஆகவே துளைக்கு முன்னால், உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த சின்டர் வடிகட்டி இருக்க வேண்டும், ஓட்டத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு அளக்க வேண்டும். வாளித் தண்ணீரில் 1 லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கவிழ்த்துப் பிடித்து, குழாய் முனையை உள்ளே விடுங்கள். பாட்டில் காலியாக 86 விநாடி ஆனால் ஓட்டம் 0.7 லிட்டர். 100 விநாடி ஆனால் 0.6. ஓய்வாக மிதக்கும்போது உங்கள் உடல் எடுப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே ஓட்டம் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால், மேலேறும் வழியில் அசையாமல் காத்திருக்கும் நேரத்தில் ஆக்சிஜன் அளவு தானாக ஏறிக்கொண்டே போகும்.

இந்த முறை தரும் பெரிய நன்மை அவகாசம். பாதையும் நுரையீரலும் சேர்ந்து 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 1.2 பார். உடல் நிமிடத்துக்கு 1 லிட்டர் எடுக்கிறது, துளை 0.7 தருகிறது. பற்றாக்குறை 0.3 லிட்டர், எனவே நிமிடத்துக்கு 0.04 பாருக்கும் குறைவாகவே இறங்கும். 0.2ஐத் தொட 25 நிமிடத்துக்கு மேலாகும். ஆக்சிஜன் முழுவதும் நின்றுவிட்டால் 8 நிமிடம். இதையே மேற்பரப்பில், சிலிண்டரைத் திறக்க மறந்துவிட்டு, காற்று நிறைந்த பாதையில் மூச்சு விட்டால் 0.21இலிருந்து 0.10க்கு இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கரையில் கனமான கருவியோடு நடக்கும்போது விழுந்தவர்கள் உண்டு. பை சுருங்குவது நம்மை எச்சரிக்க வேண்டும். ஆனால் தானாக டைலுவென்ட் சேர்க்கும் வால்வு அந்தச் சுருக்கத்தைக் காற்றால் நிரப்பி மறைத்துவிடும். அந்த வால்வை அடைத்துவைக்கும் ஒரு சுவிட்சைப் பொருத்துவது நல்ல மாற்றம்.

மேலேறும்போதும் இதே ஆபத்துதான். 30 மீட்டரில் பகுதி அழுத்தம் 0.5 என்றால் வாயுவில் ஆக்சிஜன் 12.5 விழுக்காடு. அங்கே சௌகரியம், மேற்பரப்பில் அதே வாயு 0.125 பார், மயக்கம்.

இந்த எண்களையெல்லாம் சொல்வது மூன்று சிறிய சென்சார்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின்கலம்: ஈய மின்முனை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், முகப்பில் டெஃப்லான் சவ்வு. சவ்வு வழியே நுழையும் ஆக்சிஜன் ஈயத்தைத் தின்னும்போது மின்னோட்டம் பிறக்கிறது. காற்றில் 10 மில்லிவோல்ட் காட்டும் சென்சார், தூய ஆக்சிஜனில் 47 அல்லது 48 காட்ட வேண்டும். வீட்டில் கட்டுபவர்கள் மூன்று சிறு மில்லிவோல்ட் மீட்டர்களை, ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி கொடுத்து, நீர்புகாப் பெட்டியில் வைத்து இதைப் படித்துவந்தார்கள். ஒரு கம்பி அறுந்தால் ஓர் எண் மட்டும் போகும்.

சென்சார் சாகும் விதம் வஞ்சகமானது. ஈயம் தீரும் தருவாயில் காற்றிலும் சரியாகக் காட்டும், மேற்பரப்பில் தூய ஆக்சிஜனிலும் சரியாகக் காட்டும். 1.1 பாருக்கு மேல் மட்டும் ஏற மறுக்கும். 1.3 வேண்டும் என்று முக்குளிப்பவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். உள்ளே உண்மை அளவு வலிப்பு அபாயமுள்ள 1.6ஐத் தாண்டியிருக்கும். கரையில் சரிபார்த்தது போதும் என்ற எண்ணம் இதனால்தான் தவறு. 6 மீட்டரில் பாதையை ஆக்சிஜனால் அலசினால் 1.6க்கு அருகே வர வேண்டும். வராத சென்சாரை அன்றே தூக்கிப் போடுங்கள். கீழே சந்தேகம் வந்தால் டைலுவென்ட்டால் அலசுங்கள்: காற்று என்றால் 30 மீட்டரில் 0.21 பெருக்கல் 4, அதாவது 0.84. திரையும் இதைச் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அவை சரி என்று நம்பிவிடாதீர்கள். ஒரே நாளில் வாங்கிய மூன்றும் ஒரே நாளில் கெடக்கூடும். வாங்கும் தேதிகளை மாற்றி மாற்றி வையுங்கள்.

கார்பன் டை ஆக்சைடை அகற்றும் சோடாலைமில் பெரும்பகுதி கால்சியம் ஹைட்ராக்சைடு, சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு, மீதி ஈரப்பதம். ஈரம் இல்லாவிட்டால் வினை நடக்காது, அதனால் திறந்துபோட்டு உலர்ந்த சோடாலைம் பயனற்றது. கணக்குப்படி ஒரு கிலோ சுமார் 250 லிட்டர் வாயுவை உறிஞ்ச வேண்டும். நடைமுறையில் பாதிகூடத் தேறாது. சூடான வினைப்பட்டை ஒன்று டப்பாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்துகொண்டே போகிறது. அது மறுமுனையைத் தொட்டதும் வாயு கசியத் தொடங்கும். நீர் குளிர்ந்தாலும், ஆழம் கூடினாலும் அந்தப் பட்டை அகலமாகிவிடும். 1 முதல் 2.5 மில்லிமீட்டர் வரையிலான மணிகளை மூன்று தவணையாகக் கொட்டி, ஒவ்வொரு தவணையும் பக்கங்களைத் தட்டித் தட்டி அமரவிடுங்கள். மேலே ஸ்பிரிங் தட்டு அழுத்த வேண்டும். குலுக்கிப் பார்த்தால் சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் ஓரத்தில் வழி திறந்திருக்கிறது, வாயு அதன் வழியே சுத்தமாகாமலே ஓடும். பாதி பயன்படுத்தியதை வெளியே கொட்டி மறுபடி நிரப்பக் கூடாது, ஏனென்றால் தீர்ந்த மணிகள் எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

வாயு டப்பாவுக்குள் போகாமல் சுற்றி ஓடிவிடாதபடி அதன் அடியில் தடுத்து நிற்கும் ஒற்றை ஓ-ரிங்கை மாட்ட மறப்பது இதைவிட மோசம். கருவி காற்றுப்புகாமல்தான் இருக்கும், பாதையை ஊதியும் உறிஞ்சியும் கசிவு பார்க்கும் அழுத்தச் சோதனைகள் இரண்டிலும் தேறும். கரையில் ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பார்ப்பதும் இதை நிச்சயமாகக் காட்டிக் கொடுக்காது. ஆகவே டப்பாவை மூடுவதற்கு முன் ஓ-ரிங்கை விரலால் தொட்டுப் பார்த்துச் சரிபார்ப்புத் தாளில் குறித்துக்கொள்வதுதான் வழி.

தண்ணீர் சோடாலைமில் புகுந்தால் காரக்கரைசல் வாய்க்கு வந்து தொண்டையைச் சுடும். ஆக்சிஜன் பக்கம் தீ பிடிக்கும்: எண்ணெய்ப் பிசுக்கும் சிலிகான் கிரீஸும் ஆகாது, உயர் அழுத்தத்தில் பந்து வால்வு ஆகாது, சிலிண்டரை மெதுவாகத்தான் திறக்க வேண்டும். வீட்டுக் கட்டுமானங்களில் குறுகிய முழங்கைக் குழாய்களும் அடிக்கடி தென்படும். காற்றின் அடர்த்தி 30 மீட்டரிலேயே லிட்டருக்கு 5 கிராமைத் தாண்டிவிடும். பரிந்துரைக்கப்படும் வரம்பு 5.2. அந்த அடர்ந்த வாயுவைக் குறுகிய குழாயில் தள்ளினால் நுரையீரலே கார்பன் டை ஆக்சைடைத் தேக்கிவிடும், சோடாலைம் எவ்வளவு புதியதாயிருந்தாலும்.

ஆண்ட்ரூ ஃபாக் 2013இல் வெளியிட்ட ஆய்வு, 1998 முதல் 2010 வரை பொழுதுபோக்கு ரீபிரீதர் முக்குளிப்பில் 181 மரணங்கள் பதிவானதாகக் காட்டியது. சாதாரண ஸ்கூபாவைவிட ஆபத்து நான்கு முதல் பத்து மடங்கு என்று மதிப்பிட்டது. ஆகவே கருவி கைவிட்டால் சுவாசிக்கப் பக்கவாட்டில் தொங்கும் மாற்றுச் சிலிண்டரின் கணக்கை நிதானமான மூச்சுக்குப் போடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு தாக்கியவர் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 50 லிட்டர் இழுக்கக்கூடும். 30 மீட்டரில் அது 200 லிட்டர். 200 பாரில் நிரப்பிய 7 லிட்டர் சிலிண்டர் 7 நிமிடம் வரும். அதுவும், திணறும் அந்த நிலையில் ஒரு வாய்க்கவ்வியை எடுத்து மற்றொன்றை வைக்க முடிந்தால். வாயிலிருந்து எடுக்காமலே நெம்புகோலைத் திருப்பிச் சிலிண்டருக்கு மாறும் வால்வைப் பொருத்துவது, இந்தக் கருவியில் செய்யக்கூடிய எந்த மாற்றத்தையும்விட முதலில் வர வேண்டியது.