குரங்கு துப்பும் கொட்டை

பழத்தைத் தின்று, கழிவோடு விதையை வெளியேற்றுவதுதான் விதை பரப்புதல் என்று பள்ளியில் படித்திருப்போம். குரங்குகள் அதையும் செய்கின்றன. ஆனால் நம் நாட்டுக் குரங்குக்கும் சிங்கவால் குரங்கான சோலைமந்திக்கும் இன்னொரு வழியும் உண்டு. கொட்டையைத் துப்புவதுதான் அது.

இவற்றின் இரண்டு கன்னத்துக்குள்ளும் பை இருக்கிறது. குமரி மாவட்டத்துக் காடுகளான கீரிப்பாறை, காளிகேசம் பக்கம், பலா இனத்து மரமான அயனி பழுக்கும் காலத்தில் கவனித்தால் தெரியும். பெரிய குரங்கு வந்து விரட்டுவதற்குள் கிடைத்த சுளைகளை அதில் திணித்துக்கொண்டு வேறு மரத்துக்குத் தாவிவிடும். அங்கே சாவகாசமாகச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பும். அத்தி, ஆல் போன்றவற்றின் பொடி விதைகள் பழத்தோடு வயிற்றுக்குள் போய், கூட்டம் நகர்ந்துபோன வேறொரு இடத்தில் வெளியே வரும். கழிவைத் தேடி வரும் சாண வண்டுகள் அந்த விதைகளையும் சேர்த்து மண்ணுக்குள் புதைப்பதுண்டு.

சரி, துப்பிய கொட்டை பெரும்பாலும் சில பத்து மீட்டர்தானே போகும்? அதுவே பெரிய விஷயம். தாய்மரத்தடியில் வெயில் குறைவு; அதைவிட, அந்த மரத்தையே குறிவைக்கும் பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் மண்டிக் கிடக்கும். தாய்மரத்தை விட்டு விலக விலக நாற்று பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று சூழலியல் அறிஞர்களான டேனியல் ஜான்ஸென் 1970-இலும் ஜோசப் கானெல் 1971-இலும் தனித்தனியாக எழுதினார்கள். மழைக்காட்டில் ஒரே மரம் அடர்ந்துவிடாமல் பல மரங்கள் கலந்து நிற்பதற்கு அவர்கள் சொன்ன காரணமும் இதுதான். சதை ஒட்டிய கொட்டையில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சப்பித் துப்பிய கொட்டைக்கு அந்தத் தொல்லையும் குறைவு.

எல்லாக் குரங்கும் இப்படியல்ல. மேல்கோதையாறு பக்கம் காணப்படும் கருமந்திக்குக் கன்னப்பை கிடையாது. இலையைச் செரிக்கப் பல அறை கொண்ட இரைப்பை அதற்கு. பல விதைகளையும் மென்று செரித்துவிடும். சோலைமந்திகூட வெடிப்பலா விதையைக் கடித்துத் தின்னத்தான் செய்கிறது.

மலைச் சாலையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. தயவுசெய்து போடாதீர்கள். வடவங்காளத்தின் புக்ஸா காட்டில் செம்முகக் குரங்குகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. மனிதர் போடும் தீனி கூடியபோது அவை காட்டுப்பழம் தின்பது குறைந்தது. விதையைக் கொண்டுபோகும் தூரமும் குறைந்தது. கொண்டுபோன விதைகளிலும் பல தார்ச்சாலையில் விழுந்தன.