புழுதிப் புயல் ஓய்ந்த பிறகு வரும் மூச்சுத்திணறல்

நான் நுரையீரல் மருத்துவர். புழுதிப் புயல் ஓய்ந்து ஓரிரு நாள் கழித்தும் மூச்சிரைப்போடு எங்களிடம் வருபவர்கள் உண்டு. கேட்டால், புயல் நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயேதான் இருந்தோம், நின்றதும் வீடு முழுக்கப் பெருக்கித் தட்டினோம் என்பார்கள். அங்கேதான் வினை. படிந்த தூசியை விளக்குமாறு மறுபடியும் காற்றில் ஏற்றிவிடுகிறது. தயவுசெய்து பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

2009 செப்டம்பர் 23 அன்று சிட்னி நகரம் செம்புழுதியில் மூழ்கியபோது ஒரு கன மீட்டர் காற்றில் 15,400 மைக்ரோகிராம் துகள்கள் பதிவாகின. சாதாரண நாளில் அங்கே 20தான். ஈராக்கில் 2022 மே மாதம் அடித்த ஒரு புயலில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டவர்கள் மூச்சுக்கோளாறுக்காக மருத்துவமனைகளுக்குப் போனார்கள்.

பருமனான மண் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி இருமல், தும்மலோடு வெளியே வந்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள்தான் நுரையீரலின் நுண்ணறை வரை இறங்கி அழற்சியைக் கிளப்பும், அது இதய நோயாளிகளையும் பாதிக்கும். கைக்குட்டையோ துணி முகக்கவசமோ இதைச் சரியாகத் தடுக்காது; மூக்கோடு இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95 வேண்டும். பெருநகரத்தில் இன்னொரு தொல்லை, சாலையில் படிந்ததை வண்டிகள் திரும்பத் திரும்பக் கிளப்பிவிடும், நல்ல மழை பெய்து கழுவும்வரை இது அடங்காது. அதனால் வானம் தெளிந்துவிட்டதே என்று உடனே ஓட்டப்பயிற்சிக்குப் போகாதீர்கள், காற்றின் தர அளவைப் பார்த்துவிட்டுப் போங்கள். காரில் ஏசியை உள்காற்றே சுழலும்படி வையுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களிடம் எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. இப்போது நன்றாகத்தானே இருக்கிறது என்று தினசரித் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடுகிறார்கள், புயல் வந்ததும் நிவாரண இன்ஹேலரை மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். தடுப்பு மருந்து வேலைசெய்யச் சில நாட்களாவது பிடிக்கும், அதை அன்றைக்குத் தேடிப் பயனில்லை. இன்றே எடுத்துப் பாருங்கள், மருந்து மீதமிருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று.

அப்புறம், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, இன்ஹேலர் அடித்தும் அடங்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.