பெல்ட் மெஷினில் கத்தியை வைக்கும் முன்

என் மேசைக்கு வரும் கத்தியைப் பார்த்தாலே, கடைசியாக அதைத் தீட்டியது கல்லா, மெஷினா என்று சொல்லிவிடுவேன். கல்லில் தப்பாகத் தீட்டிய கத்தி வெறும் மொண்ணையாக வரும். பெல்ட் மெஷினில், அதாவது உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பட்டை ஓடும் மெஷினில், தப்பாகத் தீட்டிய கத்தியோ உருவமே மாறி வரும். முனை உருண்டிருக்கும். பிடிக்குப் பக்கத்தில் பிறை போல ஒரு குழி விழுந்திருக்கும். சிலவற்றில் விளிம்போரம் நீலக் கறை. கொண்டுவருபவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லாத்தாங்க தீட்டினேன், ரெண்டு நாள்தான் வெட்டுச்சு."

சாணை பிடிப்பது என் தொழில். என் பட்டறையிலும் பெல்ட் மெஷின் ஓடுகிறது, அது இல்லாமல் ஒரு நாள் வேலை முடியாது. எனவே மெஷின் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கல்லில் ஒரு தப்புச் செய்தால் அதைக் கவனித்துத் திருத்த நேரம் இருக்கும், பெல்ட்டில் அந்த நேரம் கிடைக்காது. கல்லில் பத்து நிமிடம் தேய்த்தால் போகிற எஃகு இங்கே சில இழுப்புகளில் போய்விடும். போனதைத் திரும்ப ஒட்ட எனக்கும் தெரியாது.

பெல்ட்டின் பின்பக்கம் ஒரு நம்பர் அச்சிட்டிருக்கும். நம்பர் குறையக் குறைய சொரசொரப்பு அதிகம். பி120 பெல்ட்டில் ஒட்டியிருக்கும் துகள் ஒவ்வொன்றும் சுமார் 125 மைக்ரான். பி400-இல் அது 35, பி1000-இல் 18. ஒப்பிட்டுப் பார்க்க, தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு நுனியோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அப்படிப்பட்ட நுனியை, முடியைவிடத் தடித்த துகள்களால் சுரண்டத் தொடங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், பெட்டியைத் திறந்தபோது மெஷினில் அந்தப் பெல்ட்தான் மாட்டியிருந்ததாம்! சொரசொரப்பான பெல்ட், விளிம்பு உடைந்து பல் பல்லாக இருக்கும் கத்திக்கானது. சாதாரணமாக மழுங்கிய சமையலறைக் கத்திக்கு பி400-இல் தொடங்கினாலே போதும். அதில் கூர் வரவில்லை என்றால் மட்டும் ஒரு படி சொரசொரப்பான பெல்ட்டுக்கு இறங்குங்கள்.

அதற்கும் முன்னால் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். கத்தி நிஜமாகவே மழுங்கிவிட்டதா, இல்லை விளிம்பு ஒரு பக்கம் மடங்கியிருக்கிறதா? தினமும் பலகையில் படும் விளிம்பு மெல்ல ஒரு பக்கமாகச் சாயும். கத்தி விளிம்பை நிமிர்த்தும் எஃகுக் கம்பியில் (ஹோனிங் ராட்) பக்கத்துக்கு நாலைந்து தடவை லேசாக இழுத்தால் அது நிமிர்ந்துவிடும், எஃகும் கிட்டத்தட்டக் கழியாது. (மிகக் கெட்டியான, அதாவது கெட்டித்தன்மையை அளக்கும் ராக்வெல் அளவில் 60-க்கு மேற்பட்ட கத்திகளுக்கு வரி வரியான எஃகுக் கம்பி வேண்டாம். விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். மழமழப்பான செராமிக் கம்பி போதும்.) கம்பியில் இழுத்தும் தக்காளித் தோலில் வழுக்குகிறது என்றால், விளக்குக்குக் கீழே கூர் பக்கத்தை மேலே பார்த்தபடி பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. எங்கெல்லாம் வெள்ளிக் கோடு போல மின்னுகிறதோ அங்கெல்லாம் மழுங்கியிருக்கிறது. மெஷினுக்கு வேலை அங்கேதான்.

இனி சூடு. கத்தியைக் கெடுப்பதில் முதல் இடம் இதற்குத்தான்.

கத்தி செய்யும்போது எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பார்கள். அப்போது அது மிகக் கெட்டியாகும், ஆனால் கண்ணாடி போல உடையும். எனவே மறுபடியும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து அந்த முறுக்கைத் தளர்த்துவார்கள். பதம் என்பது அதுதான். பதம் வந்த கத்தியை அந்தச் சூட்டைத் தாண்டிக் காய்ச்சினால் இன்னும் இளகிவிடும். கார்பன் எஃகில் 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் தெரியும், 300-ஐ நெருங்கும்போது நீலம். ஸ்டெயின்லெஸ் எஃகில் இந்த நிறங்கள் இன்னும் அதிகச் சூட்டில்தான் தோன்றும். அதாவது, ஸ்டெயின்லெஸ் கத்தியில் நிறம் மாறவில்லை என்பதை வைத்துப் பதம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பக் கூடாது.

"தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லையே" என்பார்கள். நீங்கள் தொட்டது அலகின் நடுப்பகுதி. உராய்வு நடப்பது விளிம்பில். அங்கே எஃகு காகிதத்தைவிட மெல்லியது, சூட்டை உள்ளே கடத்த அதற்கு இடமே இல்லை. அலகு வெதுவெதுப்பாகத் தெரியும்போது நுனி ஏற்கெனவே பதம் இழந்திருக்கலாம். அதன்பின் தண்ணீரில் முக்கினால் கத்தி குளிரும், பதம் திரும்பாது. வெந்த விளிம்பைத் தேய்த்து எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் நல்ல எஃகுக்குப் போவதுதான் ஒரே வழி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேகத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் குறைத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும், இரண்டு இழுப்புக்கு ஒருமுறை முக்கித் துடையுங்கள். கையை அழுத்தாதீர்கள், கத்தியின் எடையே போதும். பெல்ட் தேய்ந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். காசை மிச்சம் பிடிக்கப் பழைய பெல்ட்டையே ஓட்டுபவர்கள் அது வெட்டவில்லை என்று இன்னும் அழுத்துவார்கள். துகள் தேய்ந்த பெல்ட்டில் அழுத்தினால் வருவது சூடு மட்டும்தான்.

அடுத்தது கோணம். சமையலறைக் கத்திகள் பலவற்றில் ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி இருக்கும், மெல்லிய ஜப்பானியக் கத்திகளில் 15 வாக்கில். மெஷினோடு வரும் தடத்தில் கத்தியைச் செருகினால் கோணம் தானாக அமையும். ஆனால் அது மெஷினின் கோணம், உங்கள் கத்தியின் கோணம் அதுவேதானா என்று தெரியாது. ஒரு மார்க்கர் பேனாவால் விளிம்பு முழுக்கக் கறுப்பு மை பூசுங்கள். நுண்ணிய பெல்ட்டில் ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். மை முழுதாகப் போயிருந்தால் சரி. நுனியை விட்டு மேலே மட்டும் போயிருந்தால் கோணம் குறைவு, எவ்வளவு தேய்த்தாலும் கூர் வராது. நுனியில் மட்டும் போயிருந்தால் கோணம் அதிகம். இரண்டு நிமிட வேலை, இதைச் செய்கிறவர் அபூர்வம்.

பெல்ட் கல்லைப் போல விறைப்பாக இருக்காது, கொஞ்சம் வளையும். அதனால் விளிம்பின் இரு பக்கமும் லேசாக உப்பிய வடிவம் வரும். அது நல்லதுதான், உறுதியான விளிம்பு. ஆனால் அழுத்தினால் பெல்ட் நுனியைச் சுற்றி மடங்கி, கூரையே உருட்டிவிடும். முனை உருள்வதும் இப்படித்தான். பிடியிலிருந்து முனை வரை ஒரே வேகத்தில் இழுத்து வருகிறோம், கை அப்படியே பெல்ட்டைத் தாண்டி வெளியே போகிறது. அந்தக் கணத்தில் பெல்ட் முனையைச் சுற்றிக்கொள்ளும். பத்து இழுப்பில் ஊசி முனை கட்டைவிரல் நகம் போல ஆகிவிடும். முனை பெல்ட்டின் நடுவில் இருக்கும்போதே நிறுத்தி, கத்தியை நேராக வெளியே எடுக்க வேண்டும். அப்படி உருண்ட முனையைச் சரிசெய்ய நான் கூர் பக்கத்தைத் தொடமாட்டேன். முதுகுப் பக்கத்தைத் தேய்த்து இறக்கிப் புது முனை செய்வேன். கத்தி அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும்.

பிடியோரக் குழி வேறு கதை. கத்தியை முதலில் பெல்ட்டில் வைத்துவிட்டு, கை நகரும் முன் ஒரு நொடி தயங்குகிறோம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே ஒரு நொடி. சில மாதங்களில் அங்கே பள்ளம் விழும். பலகையில் வைத்து வெட்டினால் அந்த இடம் பலகையைத் தொடாது, வெங்காயத் துண்டுகள் சங்கிலி போலத் தொங்கும். நொடிக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் என்ற நிதானத்தில், வைக்கும்போதே கை நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

சரி, அந்த "ரெண்டு நாள்" புகாருக்கு வருவோம். சிலருக்கு அது வெந்த விளிம்பு. ஆனால் பெரும்பாலும் காரணம் பிசிறு. ஒரு பக்கம் தேய்த்து நுனியை எட்டியதும் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய எஃகுச் சுருள் எழும்பும். அலகின் தட்டைப் பகுதியிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டைவிரலை நகர்த்தினால் நெருடும் (விளிம்பின் நீளத்துக்கு விரலை ஓட்டிவிடாதீர்கள்). பிசிறு வரவில்லையென்றால் இன்னும் நுனியை எட்டவில்லை என்று பொருள். எனவே அது வர வேண்டும், வந்தபின் போகவும் வேண்டும். பலர் அது வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பிசிறு உள்ள கத்தி காகிதத்தைச் சர்ரென்று கிழிக்கும், கையிலுள்ள முடியைக்கூட மழிக்கும். பலகையில் பத்து வெட்டு விழுந்ததும் அந்தச் சுருள் மடங்கும் அல்லது ஒடியும். கூர் என்று நினைத்தது அதோடு போகும்.

பிசிறை எடுக்க பி1000 அல்லது அதைவிட நுண்ணிய பெல்ட். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, தொட்டும் தொடாமலும். கடைசியில் பாலிஷ் பசை தடவிய தோல் பெல்ட் இருந்தால் பக்கத்துக்கு மூன்று இழுப்பு. இல்லாவிட்டால் பழைய தோல் வார் ஒன்றில் கையால் இழுத்தாலும் சரி. இரு பக்கமும் நெருடல் நின்றதும் வேலை முடிந்தது.

மரம் தேய்க்கும் சின்ன மெஷினையே கத்திக்கும் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். 1 அங்குல அகலம், 30 அங்குல நீளப் பெல்ட் ஓடும் மெஷின்களில் பெல்ட் நொடிக்கு 15 மீட்டருக்கு மேல் பாயும். இந்த மாதிரி, கத்தியைச் செருகும் தடம் இல்லாத திறந்த மெஷினில் பெல்ட் கத்தியின் முதுகிலிருந்து கூர் நோக்கித்தான் ஓட வேண்டும். பெல்ட் கீழ்நோக்கி ஓடினால் கூர் கீழே பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் கூர் பெல்ட்டைக் கிழிக்கும், கத்தி கையைவிட்டுப் பறக்கும். அப்புறம், உள்ளே தங்கியிருக்கும் மரத்தூள் மேல் எஃகுப் பொறி விழுந்தால் புகையத் தொடங்கும், சில சமயம் வேலை முடிந்து நீங்கள் போனபிறகு. தூளைச் சுத்தமாக எடுத்த பிறகே கத்தியை வையுங்கள்.

கண்ணாடி அணியுங்கள், மூக்குக்கு முகக்கவசமும் வேண்டும். பறப்பது வெறும் எஃகுத்தூள் அல்ல, ஸ்டெயின்லெஸ் என்றால் அதில் குரோமியமும் இருக்கும். கையுறை மட்டும் வேண்டாம். சுழலும் உருளையில் துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். தொங்கும் சட்டைக் கை, விரிந்த முடி எல்லாம் அப்படியே. பெல்ட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவுங்கள். சமைக்கும் மேடையில் வைத்துத் தீட்டாதீர்கள். தீட்டியபின் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே காய்கறியில் வையுங்கள்.

சில கத்திகளை இந்த மெஷின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். வெள்ளை செராமிக் கத்திக்குச் சாதாரணப் பெல்ட் ஈடுகொடுக்காது, வைரத் துகள் வேண்டும். ரொட்டி அறுக்கும் பல் கத்தியை இரு பக்கமும் தேய்த்தால் பற்கள் காணாமல் போகும். ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த ஜப்பானியக் கத்தியை இரு பக்கத் தடத்தில் செருகினால் அது வேறு கத்தியாகிவிடும். தாத்தா காலத்துக் கத்தி என்று யாராவது பொத்திப் பொத்திக் கொண்டுவந்தால் நான்கூட அதைக் கல்லில்தான் தீட்டுகிறேன்.

முதன்முதலில் தீட்டுவது நல்ல கத்தியாக இருக்க வேண்டாம். இழுப்பறையின் அடியில் யாரும் தொடாத ஒரு கத்தி எல்லார் வீட்டிலும் கிடக்கும். மார்க்கர் பூசி, மெஷினை ஓடவிடாமல் நாலு முறை கையை நகர்த்திப் பழகிவிட்டு, அதில் தீட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து அந்தக் கத்தி எப்படி வெட்டுகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை எடுக்கலாம்.