கை பழகிய திசை

இருபது ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்கு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் எளிதாக வந்துவிடும் என்றுதான் நினைப்போம். கார் மட்டுமே ஓட்டிப் பழகியவர் அவரை முந்திக் கற்றுக்கொள்வார் என்பது என் கணிப்பு. கை பழகிய திசைதான் காரணம்.

வேகமாகப் போகும் மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் திருப்ப, இடது கைப்பிடியை முன்னோக்கி மெல்லத் தள்ளுகிறோம். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் விலக, வண்டி இடப்பக்கம் சாய்ந்து, அதன் பிறகே திரும்புகிறது. யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை. சொன்னால் சண்டைக்குக்கூட வருவார்கள்.

முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று சக்கரங்கள் உள்ள டிரைக் சாயாது. அதில் இடது கைப்பிடியைத் தள்ளினால் வண்டி வலப்பக்கமே போகும். இடப்பக்கம் ஓட்டும் சிங்கப்பூரில் அது எதிர்வரும் வண்டிகளின் பக்கம்.

சரி, மூன்று சக்கரம் கவிழாதுதானே? கவிழும். மூன்று சக்கரங்களும் தரையில் ஒரு முக்கோணம் வரைகின்றன. வளைவில் எடை வெளிப்புறம் தள்ளப்பட்டு அதன் விளிம்பைத் தாண்டினால், உள்பக்கச் சக்கரம் எழும்பிவிடும். ஒரு கணக்குப் போடலாம். பின்சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர், எடைமையத்தின் உயரம் 60 சென்டிமீட்டர், அது முன்சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். அந்த இடத்தில் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு 40 சென்டிமீட்டர்தான். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு ஏறத்தாழ 41 கிலோமீட்டரில் சக்கரம் தூக்கும். அதே அகலத்தில் நான்கு சக்கரங்கள் இருந்தால் 50 வரை தாங்கும்.

வளைவுக்குள் பிரேக் அடிப்பது இன்னும் மோசம். எடை முன்னால், முக்கோணம் குறுகும் பக்கம் ஓடுகிறது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். தீவு விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் சுற்றுப்பாதைகளில் இதை மறக்கவே கூடாது. உடலையும் வளைவின் உள்பக்கம் சாய்த்துக்கொள்ளலாம். முன்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டியில் கதை தலைகீழ்: அங்கே வளைவில் ஆக்சிலரேட்டரை முறுக்குவதுதான் வினை.

நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவான டிரைஷாவைப் போலப் பக்கத்தில் இருக்கை பொருத்திய வண்டி தனி ரகம். இருக்கை இடப்பக்கம் இருந்து, அதில் ஆளும் இல்லையென்றால், இடப்பக்கம் திரும்பும்போது அது பறக்கப் பார்க்கும்.

யமஹா டிரைசிட்டி போன்ற சாயும் மூன்று சக்கர வண்டிகளில் இரண்டு முன்சக்கரங்களும் இணைகர (சாயும் நாற்கரச் சட்டம் போன்ற) அமைப்பால் சேர்ந்து சாய்கின்றன. பழைய கைப்பழக்கம் இங்கே அப்படியே செல்லும். மழையில் ஒரு சக்கரம் சாக்கடை மூடியில் வழுக்கினாலும் மற்றது பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஆனால் சாய்வைப் பூட்டும் வசதி இல்லாத வண்டி சிக்னலில் தானாக நிற்காது. கால் ஊன்றாவிட்டால் விழும்.

டிரைக்கில் இதுவும் நேரெதிர்: நிற்கும்போது கால் ஊன்றவே கூடாது. ஆளில்லாத வண்டி நிறுத்துமிடம் ஒன்றில், நடைவேகத்தில் எட்டுப் போட்டுப் பழகினேன். கைகள் அரை மணி நேரத்தில் வழிக்கு வந்தன. கால்கள் வரவில்லை. நிறுத்தும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் ஊன்றினேன்; பின்னாலேயே சக்கரம் வந்தது. என் வலது காலணியின் குதியில் அந்த டயர்த் தடம் இன்னும் இருக்கிறது.