போஸ்ட்டாக் போறதுக்கு முன்னாடி கேளுங்க: டேட்டா யார் குடுப்பாங்க?

போன மாசம் யெலஹங்கால டீக்கடையில நிக்கும்போது திருநெல்வேலிப் பையன் ஒருத்தன், பிஎச்டி தீசிஸ் குடுத்து மூணு மாசம் ஆச்சு, போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சதும் வேற லேபுல பண்ற ஆராய்ச்சி வேலை) தேடிட்டிருக்கான், போனை நீட்டி "அக்கா, அறுபத்தி மூணு மெயில் போட்டுட்டேன், ரெண்டே ரெண்டு பதில்தான் வந்துச்சு, ரெண்டுலயும் இடம் இல்லன்னுட்டாங்க"ன்னான். வாங்கிப் பார்த்தா சியாட்டில் லேபுக்கும் ஹைடல்பர்க் லேபுக்கும் ஒரே மெயில், பேரு மட்டும் மாத்தியிருக்கான், ஒண்ணுல அதையும் மாத்தல.

நான் பெங்களூர்ல சிஸ்டம்ஸ் பயாலஜி (செல்லுக்குள்ள நடக்கிறதை கம்ப்யூட்டர் மாடலா எழுதிப் பார்க்கிற துறை) பண்ணி பதினோரு வருஷம் ஆகுது, எங்க குழுவுக்கு வர்ற அப்ளிகேஷன் முதல்ல என் கண்ணுலதான் படும். இதுவரைக்கும் நான் உடனே பதில் போட்ட மெயில்ல ஒண்ணு ஆறே வரி. எழுதினவன் எங்க மாடலை இறக்கி, கோப்பாசின்னு இதுக்குன்னே இருக்கிற சாஃப்ட்வேர்ல ஓட்டிப் பார்த்திருக்கான், நாலாவது படம் மட்டும் பொருந்தல, பேப்பர் டேபிள்ல ரேட் நிமிஷக் கணக்கு, ஃபைல்ல செகண்ட் கணக்கு, அதனாலயான்னு கேட்டிருந்தான். அதனாலதான். எங்களுக்கே வெக்கமா போச்சு, அன்னிக்கே கூப்பிட்டோம்.

இன்டர்வியூல நான் கேட்கிறது பெரிய கேள்வி எல்லாம் இல்ல. சி.வி.ல ஃப்ளக்ஸ் பேலன்ஸ்னு (செல்லுக்குள்ள எந்த ரசாயன வழில எவ்வளவு ஓடுதுன்னு கணக்குப் போடுற முறை) போட்டிருந்தா, இ.கோலி பாக்டீரியாவோட சின்ன மாடலான கோர் மாடலை திறக்கச் சொல்வேன், 95 ரியாக்‌ஷன்தான், குளுக்கோஸ் உள்ள போற வேகத்தை 10னு குடுத்தா வளர்ச்சி மணிக்கு 0.87னு வரும், ஆக்ஸிஜனை மூடினா 0.21க்கு இறங்கிடும். இது வரைக்கும் எல்லாரும் பண்ணிடுவாங்க. அப்புறம் அசிடேட், ஃபார்மேட், எத்தனால் ஏன் வெளிய வருதுன்னு கேட்டா பாதிப் பேர் ஸ்கிரீனைப் பார்ப்பாங்க. ஆக்ஸிஜன் இல்லன்னா என்.ஏ.டி.எச்.ங்கிற மூலக்கூறு சுமந்துட்டு இருக்கிற எலக்ட்ரானை எங்கயாவது இறக்கி வைக்கணும், எத்தனால் பண்றது அதுக்குத்தான், அசிடேட் பக்கம் போனா கொஞ்சம் ஏ.டி.பி., அதாவது செல் செலவு பண்ற சக்தி, கிடைக்கும். இதைச் சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு கோட் சுமாரா வந்தாலும் பரவால்ல, அது ஆறு மாசத்துல வந்துடும்.

இப்ப நான் பட்ட அடி. என் முதல் போஸ்ட்டாக், எந்த ஊர்னு சொல்ல மாட்டேன், "டேட்டா கொலாபரேட்டர் கிட்டருந்து வந்துட்டே இருக்கு"ன்னாங்க, நானும் நம்பி பெட்டி தூக்கிட்டு போயிட்டேன். பதினாலு மாசம் கழிச்சு ஒரு எக்ஸெல் வந்துச்சு, அதுல மூணு நேரம்: பூஜ்யம், ஆறு மணி நேரம், இருபத்திநாலு மணி நேரம். நான் மாடல் பண்ண வேண்டியது என்.எஃப். கப்பா பிங்கிற புரோட்டீன், அது சுமாரா ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒருக்கா ஏறி இறங்குற சமாச்சாரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊருக்குப் போய்ட்டு வந்து தெருவுல தினம் என்ன நடக்குதுன்னு எழுதச் சொன்னா எப்படி? அப்படித்தான் உக்காந்திருந்தேன்.

அதனால ஆஃபர் வந்ததும் குதிக்காம கேளுங்க, அளவு எடுக்கிறது யாரு, அவங்க அதே பில்டிங்லயா வேற நாட்டுலயா, எத்தனை டைம் பாயின்ட், சிங்கிள் செல்லா இல்ல மொத்தமா அரைச்சு எடுத்ததா, பேப்பர்ல முதல் பேரு யாரோடது. பி.ஐ., அதாவது லேப் தலைவர்கிட்ட மட்டும் கேட்டா பத்தாது, அந்த லேபை விட்டுப் போன போஸ்ட்டாக்கை பிடிங்க, போன்ல பேசுங்க, மெயில்ல யாரும் உண்மையை எழுத மாட்டாங்க.

காசு விஷயம். இங்க ரிசர்ச் அசோசியேட்டுக்கு (போஸ்ட்டாக்குக்கு இந்தப் பேரும் உண்டு) 2023 ஜனவரிலருந்து மாசம் 58,000, 61,000, 67,000னு மூணு நிலை, வீட்டு வாடகைப் படி தனி. நேஷனல் போஸ்ட்டாக்டோரல் ஃபெல்லோஷிப் ரெண்டு வருஷம், வயசு வரம்பு 35, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி.க்கும் அஞ்சு வருஷம் தளர்வு உண்டு. எனக்கு ஒரு தடவ நாலு மாசம் ஃபெல்லோஷிப் வரவே இல்ல, அதனால பெங்களூர் வீட்டு அட்வான்ஸ் குடுத்துட்டு கையில மிச்சம் இருக்கான்னு பார்த்துக்கோங்க. வெளிநாடுன்னா ஐரோப்பிய யூனியனோட மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு பிஎச்டி முடிஞ்சு எட்டு வருஷத்துக்குள்ள இருக்கணும், போற நாட்டுல கடைசித் தேதிக்கு முந்தின 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக்கூடாது, இது தெரியாம முதல்லயே அங்க போய் உக்காந்து வாய்ப்பை விட்டவங்களை எனக்குத் தெரியும். ஃபிசிக்ஸ், மேத்ஸ், இன்ஜினியரிங்ல பிஎச்டி வாங்கிட்டு பயாலஜி பக்கம் வர்றவங்களுக்குன்னே ஹெச்.எஃப்.எஸ்.பி.ங்கிற சர்வதேச நிதி அமைப்புல தனி ஃபெல்லோஷிப் இருக்கு, மூணு வருஷம், நம்மாளுங்க பாதிப் பேருக்கு இது தெரியறதே இல்ல. எதுவா இருந்தாலும் கடைசித் தேதிக்கு நாலஞ்சு மாசம் முன்னாடியே லேபைப் பிடிங்க. ப்ராசஸிங் ஃபீஸ் கேட்டு ஆஃபர் லெட்டர் வந்தா அது ஃப்ராடு, பதிலே போடாதீங்க.

அந்தப் பையன் அறுபத்தி மூணு மெயிலை அஞ்சாக்கிட்டான். ஒரு இடத்துலருந்து கூப்பிட்டிருக்காங்க, பழைய போஸ்ட்டாக்கிட்ட பேசினானாம், "சாம்பிள் எல்லாம் எடுத்தாச்சு, மைனஸ் எண்பது ஃப்ரீஸர்ல ரெண்டு வருஷமா இருக்கு, மெஷின்ல ஓட்டி அளவு எடுக்க ஆள் இல்ல"ன்னாராம். போகலாமா அக்கான்னு கேட்கிறான். நீ ஓட்டுவியாடான்னு கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.