அங்கதம்: சொல் விளக்கம்

போரை எதிர்க்கும் நாவல் ஏதாவது தமிழுக்கு வந்தால் போதும், பின்னட்டையில் 'போரை நையாண்டி செய்யும் நாவல்' என்று அச்சாகிவிடுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் புத்தக அறிமுகக் கூட்டங்களிலும் இதே பாட்டுதான். தலைமை தாங்குபவர் சொல்கிறார், பேச வந்தவர் சொல்கிறார், நன்றியுரை சொல்பவரும் விடுவதில்லை. குற்றம் செய்தவனைக் குறிவைத்து எள்ளும் எழுத்தை ஆங்கிலத்தில் சட்டையர் (satire) என்பார்கள். அதற்குத் தமிழ் அங்கதம். நையாண்டி அல்ல.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பலவகைப் பழங்கள் நிறைந்த தட்டைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது சட்டையர். அங்கதம் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இருக்கிறது. தோளில் அணியும் நகைக்கும் அங்கதம் என்று பெயருண்டு. அது வடசொல், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளிப்படையாக வைதால் செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து வைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். அங்கே அது செய்யுளுக்குச் சொன்னது. நாவலுக்கும் தாராளமாக நீட்டலாம்.

இனி நையாண்டி. எங்கள் டெல்டாவில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மேளம்தான் நினைவுக்கு வரும். மாரியம்மன் திருவிழாவில் கரகம் ஆடும்போது நாயனம், தவில், பம்பை, தமுக்கு எல்லாம் சேர்ந்து முழங்கும். தவில்காரர் சீண்டுகிற மாதிரி ஓர் அடி போடுவார், கரகம் ஆடுபவர் தலைச்செம்பு அசையாமல் இடுப்பை வெட்டிப் பதில் சொல்வார், கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் குற்றவாளி யாரும் இல்லை. அருமையான கலை, அதற்கு அருமையான பெயர். போர்க் கதையில் குற்றவாளி உண்டு. சிரிப்பு அவனைக் குறிவைத்துத்தான் வருகிறது.

1759இல் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் எழுதிய 'கான்டீட்' கதையில் இரண்டு அரசர்கள் மோதுகிறார்கள். ஆயிரக்கணக்கில் ஆள் செத்தபின், இருவருமே தத்தம் பாசறையில் கடவுளுக்கு நன்றிப்பாட்டு பாடவைக்கிறார்கள். அதை ஒட்டியே எரிந்துபோன ஓர் ஊர் வருகிறது. அங்கே கழுத்து அறுபட்ட தாய்மார்கள் பிள்ளையை மார்போடு அணைத்தபடி சாகிறார்கள். அரசர்களைப் பார்த்து எள்ளிய எழுத்து அந்தத் தாய்மாரை எள்ளவில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யாரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்ற அந்தத் தெளிவில்தான் இவ்வகைக் கதைகளின் மனிதநேயம் இருக்கிறது. நையாண்டி என்று சொன்னதும் அது அழிந்துபோகிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. காவிரிக்கரை உறையூருக்குள் நெடுங்கிள்ளி அடைந்து கிடக்க, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தான். இருவரும் ஆத்திமாலை சூடும் சோழர்கள். உன் மாலையும் ஆத்தி, அவன் மாலையும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று முகத்துக்கு நேரே சொன்னார் சங்கப் புலவர் கோவூர் கிழார் (புறநானூறு 45). முந்தைய பாட்டில், ஆவூர்க் கோட்டைக்குள் பாலில்லாமல் அலறும் குழந்தையைக் காட்டி, கதவை அடைத்துக்கொண்டு இருப்பது வெட்கக்கேடு என்று அதே நெடுங்கிள்ளியை இடிக்கிறார். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளப்பதை ஔவையார் புகழ்ந்தாரே (95), அது பழிகரப்பு. சண்டையே பார்க்காத வேல் என்பதுதான் அந்தப் புகழ்ச்சியின் பொருள். இதையெல்லாம் நையாண்டி என்று யாராவது சொல்வார்களா?

பகடி என்போரும் உண்டு. இன்று விமரிசகர்கள் ஒரு நடையைப் போலச்செய்து கேலி பண்ணுவதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். இலங்கையில் பகிடி என்றால் வெறும் வேடிக்கை. இரண்டும் இதற்கு ஒத்துவராது. அங்கதம் யாருக்கும் புரியாது என்பதையும் நான் ஏற்கவில்லை. பேருந்து என்ற சொல்லும் ஒரு நாள் புதிதாக இருந்ததுதான்.

இதே பின்னட்டைகளில் மனிதநேயம் என்று சொல்ல வேண்டிய ஹியூமனிசத்தை மனிதாபிமானம் ஆக்குவது இன்னொரு கொடுமை. 2018இல் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் லாரியில் அரிசியும் தார்ப்பாயும் வந்ததே, அது மனிதாபிமானம். அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட் 1945இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் குண்டுவீச்சின்போது அங்கே போர்க்கைதியாக இருந்தவர். பிற்காலத்தில் அமெரிக்க மனிதநேயர் சங்கத்தின் கௌரவத் தலைவர். அவரிடம் இருந்தது ஒரு கொள்கை. நாட்டுக்காக என்று சொல்லி மனிதனைக் கொல்வதை ஒத்துக்கொள்ளாத கொள்கை. அவரை மனிதாபிமானி என்றால் நன்கொடை கொடுத்தவர் போல ஆகிவிடுகிறது. நாவல் முழுவதையும் கவனமாக மொழிபெயர்ப்பவர்கள், பின்னட்டை வாசகத்தை மட்டும் யாரோ எழுதட்டும் என்று ஏன் விட்டுவிடுகிறார்கள்? அதையும் அவர்களே எழுதட்டும்.